முதுகில் எடுத்த நீர்

இன்று காலை பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றும்போது உங்கள் ஞாபகம் வந்தது. பாக்கெட் பாலைப் பார்த்தாலே முகம் சுளிப்பீர்கள். சூலூர்த் தோட்டத்தில் கறக்கும் இடத்திலேயே சொம்பை நீட்டி, நுரையோடு குடிப்பதுதான் உங்களுக்குப் பால். காய்ச்சித் தருகிறேன் என்றால், நான் என்ன பச்சைப் பிள்ளையா என்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் பாலை நினைக்கவே இல்லை. தலைவலியில் சுருண்டு கிடந்தீர்கள். என்னை உங்கள் தங்கையின் பெயரால் கூப்பிட்டீர்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைக் கிருமி தாக்கியிருக்கலாம், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும் என்றார்.

உங்கள் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் சனம் முழுக்க நம்பியது, நானும்தான்.

"கையெழுத்துப் போட்றாதே அம்மணி. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றார். அதுவரை அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

"நடக்காட்டி நான் தூக்கிச் சொமக்கறனுங்க. எனக்கு ஆள் வேணுமுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நீர் எடுத்த பிறகு கால்மாட்டிலேயே உட்கார்ந்து, உங்கள் உள்ளங்காலைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். உதைத்தீர்கள். உதை வாங்கிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. லேபில் அது வளர்ந்து தெரிந்த பிறகுதான், இவர் பச்சைப் பால் குடிப்பாரா என்று டாக்டரம்மா கேட்டார். காய்ச்சாத பாலில் இருக்கும் லிஸ்டீரியா என்ற கிருமியாம், மூளைக்காய்ச்சலாகப் பெரியவர்களுக்கு அபூர்வமாகத்தான் வருமாம். ஆஸ்துமாவுக்கு நீங்கள் விழுங்கிய மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து அதற்கு வழிவிட்டிருந்தன. மருந்தை ஆம்பிசிலினுக்கு மாற்றினார்கள். மெல்லத் தெளிந்தீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொல்லிக்கொடுத்தார். இனிக் காய்ச்சல் வந்தால் தாடை நெஞ்சைத் தொடுகிறதா என்று பாருங்கள், கழுத்து விறைத்திருந்தால் உடனே வாருங்கள் என்று. அதன்பின் உங்களுக்குச் சளி பிடித்தாலும் பின்னந்தலையில் கைவைத்துக் குனியவைப்பேன்.

"நான் தாலி கட்டறப்பக்கூட நீ இவ்வளவு குனியலியே புள்ள" என்று கேலி செய்வீர்கள்.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களே, அப்போதும் என் கை முதலில் பின்னந்தலைக்குத்தான் போனது. கழுத்து இளகிக் கொடுத்தது. தாடை நெஞ்சைத் தொட்டது.

"ஒண்ணுமில்லீங்க, கழுத்து நல்லா வளையுதுங்க" என்று உங்களிடம் சொன்னேன். அதை நீங்கள் கேட்டீர்களா என்று தெரியாமல்தான் இன்னும் கிடக்கிறேன்.