வெள்ளியில் கடல் இல்லை

1962 செப்டம்பர் 11, செவ்வாய்

இன்றும் சோறு குழைந்துவிட்டது. தண்ணீரின் கொதிநிலையை மாணவர்களுக்கு அளந்து காட்டுகிறவன் நான். சோற்றின் பதம் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றேன். மேற்கே வெள்ளி, கண்ணைக் குத்துகிற பிரகாசம். அதற்கு நேர் கீழே எங்கேயோதான் ஜீயபுரம். பிரசவத்துக்குத் தாய்வீடு போன வள்ளிக்கண்ணு அங்கே இருக்கிறாள். சித்திரையில் குழந்தை இறந்தே பிறந்தது. ஐந்து மாதம் ஆகிவிட்டது, அவள் திரும்பி வரவில்லை. குளித்தலை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பத்து மைல் ஒரு தூரமா? வரப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

செப்டம்பர் 16, ஞாயிறு

பாலக்கரையில் அச்சகம் வைத்திருக்கும் காஜா மைதீன் பாய் தம் அறிவியல் மாத இதழுக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார். பிற உலகங்களில் உயிர் வாழ முடியுமா என்பது பொருள். இருநூறு சந்தாதாரர்கள். அதில் பாதிப் பேர் படிப்பார்கள் என்பது பாயின் நம்பிக்கை.

காலையிலிருந்து எழுதினேன். ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் ஒரு வளையம் உண்டு. அதற்கு உள்ளே போனால் தண்ணீர் கொதித்து ஆவியாகும்; வெளியே போனால் உறைந்து கல்லாகும். இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும். நான்கு மடங்கு ஒளியுள்ள விண்மீனுக்கு அந்த வளையம் இரண்டு மடங்கு தள்ளிப் போகும். ரொம்பப் பெரிய விண்மீனாக இருந்தாலும் பயனில்லை, உயிர் தலையெடுப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். சின்னச் சிவப்பு விண்மீன் நெடுங்காலம் எரியும், ஆனால் அதன் வளையம் மெலிந்த கீற்று. நம் சூரியன் நடுத்தரக் குடும்பம்.

சூரியனுக்கு நாம் ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல். வெள்ளி ஆறு கோடியே எழுபது லட்சம். என் கணக்கில் வெள்ளி வளையத்தின் உள்விளிம்பில் அழகாக உட்காருகிறது. வெதுவெதுப்பான கடல், ஓயாத மழை என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அங்கிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தவர்கள் சிலர் அறுநூறு டிகிரி ஃபாரன்ஹீட் சூடு என்கிறார்கள். கல்லூரி நூலகத்து இதழில் இருக்கிறது. அளவீட்டில் பிழை இருக்கலாம் என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

சித்திரையில் ‘குழந்தை தங்கவில்லை, தாய் நலம்’ என்று தந்தி வந்தது. மூன்றாம் நாள் போனேன். வள்ளிக்கண்ணு பின்கட்டு அறையில் இருந்தாள். தீட்டு என்று என்னை உள்ளே விடவில்லை. நானும் மாமனார் நல்லுசாமியும் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் பொன்னுத்தாய் காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்கு வலிக்கும் என்று நினைத்தேன். எனக்கு வலிக்கும் என்று பயந்தேன் என்பதுதான் நிஜம்.

கிளம்பும்போது சொன்னேன்: “அவளுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும், மாமா. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.”

மாமனார் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிங்க மாப்பிள்ளை” என்றார். பெருந்தன்மையாகப் பேசிவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

நவம்பர் 14, புதன்

வெள்ளி சாயங்கால வானத்திலிருந்து போய்விட்டது. இப்போது நமக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கிறது, தெரியாது. ஆசிரியர் அறையில் சீன எல்லைச் சண்டைப் பேச்சுதான். எனக்கு யாரோடும் பேச்சில்லை.

டிசம்பர் 19, புதன்

விடியற்காலையில் பார்த்தேன், வெள்ளி கிழக்குப் பக்கம் வந்துவிட்டது. போன வாரம் அமெரிக்காக்காரர்களின் கருவி அதன் அருகே பறந்து போயிருக்கிறதாம். அளந்ததைச் சொல்ல இரண்டு மாதமாவது ஆகும்.

வள்ளிக்கண்ணுவுக்குப் போன வாரம் ஒரு கடிதம் போட்டிருந்தேன். என்ன எழுதினேன்? மழையைப் பற்றி, வெள்ளியைப் பற்றி. எழுத வேண்டியதை விட்டுவிட்டு மற்றதெல்லாம். இன்று கார்டு வந்தது. அவள் கையெழுத்து. ‘இங்கு நலம். காற்றில் வாழை சாய்ந்துவிட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?’ அவ்வளவுதான்.

வருகிறேன் என்று இல்லை. திருப்பித் திருப்பிப் படித்தேன். வரமாட்டேன் என்றும் இல்லை.

1963 ஜனவரி 6, ஞாயிறு

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கம் கொள்ளாத கூட்டம். வீட்டுக்காரம்மாள் வெள்ளையம்மாள், லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த தம் உறவுக்காரர்களை எங்கள் மாடிப்படியில் தங்க வைத்திருக்கிறார். ஏழு பேர். படிக்கு ஒருவராக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் அவங்க இல்லையா என்று அதில் ஒரு பெண் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாங்க என்றாள். புளியோதரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முப்பத்தோரு வயது. வெளியே லட்சம் பேர். இப்படித் தனியாக நான் ஹாஸ்டலில்கூட இருந்ததில்லை.

பிப்ரவரி 28, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. வெள்ளியின் மேல் எண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட். ஈயம் உருகும் சூடு. கடல் இல்லை. ஒரு சொட்டு இல்லை.

தூரத்தில் பிழையில்லை, திரும்பவும் போட்டுப் பார்த்தேன். காற்றைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. கனத்த காற்றும் மேகமும் உள்ளே வந்த வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. போர்த்திக்கொண்டு வேகிறது வெள்ளி. அறுநூறு டிகிரி என்று முன்பே சொன்னவர்களை ஒரே வரியில் தள்ளினேனே, என்ன திமிர்? எனக்குக் கடல் வேண்டியிருந்தது, அதனால் அங்கே கடல் இருந்தது.

மார்ச் 2, சனி

பாயின் அச்சகத்துக்கு ஓடினேன். மாதா மாதம் தள்ளிப்போன என் கட்டுரை, எட்டுப் பக்கமும் எழுத்துக் கோத்துத் தயாராக இருந்தது. தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ஈய எழுத்து ஒன்றை உள்ளங்கையில் உருட்டியபடி, வெள்ளியில் பத்திரிகை நடத்தினால் இதெல்லாம் கஞ்சியாகிவிடும் என்றார். பிரித்துவிட்டுத் திரும்பக் கோக்கலாம், எழுதிக் கொடுங்கள் என்றார்.

கம்பாசிட்டர் என் கடலை வரி வரியாகப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பாய் டீ வரவழைத்து, வீட்டில் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். என்னவோ, இன்று சொல்லிவிட்டேன். குழந்தை, தந்தி, கூடத்து பெஞ்ச், கிளம்பும்போது நான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்படியா சொன்னீங்க? சார், அவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும் தெரியுமா? வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு விழுந்திருக்கும்.”

நான் நினைத்தது அது இல்லை என்றேன்.

“நீங்க நினைச்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிரசவத்துக்குப் போன பொண்ணு தானா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வராது சார். எங்கள்லயும் சரி, உங்கள்லயும் சரி. புருஷன் வீட்லேந்து ஆளு போய் அழைக்கணும். குழந்தை தங்காமப் போன பொண்ணுன்னா இன்னும் முன்னாடியே போயிருக்கணும்.”

எங்கள் வீட்டில் போக யாரும் இல்லையே என்றேன்.

“நீங்க இருக்கீங்கல்ல?”

ஆறு வயதில் அம்மாவையும் அப்பாவையும் ஒரே வாரத்தில் காலரா கொண்டுபோனது. அதன் பிறகு ஹாஸ்டல். கல்யாணத்தை நடத்தி வைத்த சித்தப்பாவும் மறு வருடமே போய்விட்டார். இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டுப் பெண்கள் பேசும்போது காதில் விழுவது. என் காதில் விழுந்ததெல்லாம் ஹாஸ்டல் மணிதான்.

பதினோரு மாதம். அவள் வரவில்லை என்று நான் இங்கே. நான் வரவில்லை என்று அவள் அங்கே. ஐயோ, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 3, ஞாயிறு

விடிந்ததும் காந்தி மார்க்கெட். வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்புப் பழம், மல்லிகை. எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் ஒரு கூடை மல்லிகை வாங்கிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பூக்காரன் என்றே நினைத்திருப்பார்கள்.

மாமனார் வாழைத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பார்க்க வந்தீங்களா, அழைக்க வந்தீங்களா?”

“அழைக்க, மாமா. எனக்கு முறை தெரியல. தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மாமியார் அழும் சத்தம் கேட்டது. பிறகு வள்ளிக்கண்ணு வந்தாள். இளைத்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வாழைக்கொல்லை முடிந்ததும் காவேரிப் படுகை. ஒரு பூவரச மரத்தடியில் நின்றாள். கல் இல்லை, அடையாளம் எதுவும் இல்லை.

“இங்கதான்.”

நான் அப்போதுதான் கேட்டேன், என்ன குழந்தை என்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். “யாரும் சொல்லலையா?”

“நான் கேக்கல.”

“பொண்ணு. தலை நிறைய முடி.” உதிர்ந்து கிடந்த இலையைக் குனிந்து ஒதுக்கினாள். “என்னைக்காவது கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்காத வீட்டுக்கு எப்படி வரதுன்னு இருந்துட்டேன்.”

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு பெண் இருந்தாள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அழுதோம். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம்.

மாமனார் வைகாசியில் நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முறைப்படி வரச் சொன்னார். பூவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மார்ச் 11, திங்கள்

கட்டுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். கடல் வந்த பக்கம் போய், காற்றைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருக்கிறது. சரியான தூரம் என்பது முதல் நிபந்தனை மட்டுமே, அதை வைத்து ஓர் உலகத்தில் உயிர் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது என்று முடித்திருக்கிறேன். என் முந்தைய கருத்து தவறு என்றும் சேர்த்தேன். அச்சில் வராத தவறை எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்றார் பாய். இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

விடுமுறை முடிந்து இன்று கல்லூரி திறந்தது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, பழக்கத்தில் நாதாங்கியில் பூட்டை மாட்டிவிட்டேன்.

“நான் உள்ளதாங்க இருக்கேன்” என்றாள் வள்ளிக்கண்ணு.