பையின் பாரம்

செப்டம்பர் 23, 2025

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, ஆறாம் மாடி யேசுரட்ணம் எழுதுகிறார். ஊரில் வாத்தியாராக இருந்தவர். என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவார். முதியோர் கழகத்தில் ஆளுக்கொரு டயறி கொடுத்தபோது யோசிக்காமல் எனக்கும் தந்துவிட்டார்கள்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் பேத்தி நிலக்சி, கம்பஸில் ஒரு பெண்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். சேரட்டுமா என்று கேட்கவில்லை. சேர்ந்துவிட்டுச் சொல்கிறாள். சொறோரிற்றி என்று பெயராம்.

மகன் கிருபன் கரண்டியை வைத்தான். "படங்களில பாக்கிறனான். குடியும் கூத்தும். உதுக்கோ உன்னைப் படிக்க விட்டனாங்கள்?"

"அப்பா, யூ டோன்ட் ஈவன் நோ. அவை என்ர சிஸ்டர்ஸ்."

"இவ்வளவு பேரைப் பெத்தது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் மருமகள் துஷானி. ஒருவரும் சிரிக்கவில்லை.

குடிக்கும் கூத்துக்கும் நான் பயப்படவில்லை. சேர்ந்துவிட்டேன் என்றாளே, அதுதான்.

செப்டம்பர் 24

காலையில் வாசலில் கிடந்த அவளுடைய பையைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது. நல்லது.

அக்டோபர் 4

புதுச் சட்டை போட்டு வந்தாள். நெஞ்சில் மூன்று எழுத்து. கிரேக்க எழுத்தாம். போனில் படம் எடுத்து வந்து யேசுரட்ணத்துக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்று முக்கோணம் என்றார். மற்ற இரண்டும் தெரியாது. இதையும் எழுதும் என்றிருக்கிறேன். எழுதினாரோ என்னவோ.

நிலக்சியிடம் எல்லாம் கேட்டேன். அவளுக்கு நான் அப்பப்பா, தகப்பனின் தகப்பன். எட்டுக் கிழமை, இரண்டு மாதம் மட்டில், பழகுவார்களாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு அக்காவைப் பொறுப்பாகக் கொடுப்பார்களாம். பிறகு ஒருநாள் வெள்ளை உடுப்புப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, சத்தியம் செய்வார்களாம். அங்கே நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது.

"வீட்டாருக்குமோ?"

"வீட்டாருக்கும்தான், அப்பப்பா. அது எங்கட சீக்ரெட்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பல்கனியில் போய் நின்றேன், உள்ளே வந்தேன், திரும்பவும் போனேன். என்ன சத்தியம்? யாருக்கு?

அக்டோபர் 5

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதட்டும்.

என் மூத்தவள் மனோரஞ்சிதம். தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. ரியூசனுக்குப் போட்டு வாறன் அப்பா என்றாள். நீல நிறப் பை. படலையடியில் அவளுக்குச் செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டிவிட்டுப் போனாள். பை தோளில் ஆடி ஆடிப் போனதை நான் பார்த்தேன். புத்தகம் உள்ள பை அப்படி ஆடாது. எனக்கு அது அப்போது பிடிபடவில்லை. பின்னேரம் தாய் நெல் மூட்டையை நகர்த்தினாள். அடியில் புத்தகங்கள். அடுத்த நாள் சந்தியில் ஒருவன் சொன்னான்: "அண்ணை, உங்கட பிள்ளை இயக்கத்தில சேர்ந்திட்டாளாம்."

முகாம் வாசலில் போய் நின்றோம். பதினைந்து நாளில் பார்க்க விடுவோம் என்றார்கள். விடவில்லை.

இரண்டு வருசம் கழித்துச் சந்தி மதிலில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது. கீழே எழுத்து. கடைக்காரனிடம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். வீரச்சாவாம். படம் என் பிள்ளை. பெயர் வேறு, இயக்கம் வைத்ததாம். அந்தப் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

யேசுரட்ணம் பேனையை வைத்துவிட்டார். ஏன் நிப்பாட்டினீர், எழுதும் என்றேன்.

அக்டோபர் 12

பை பாரம். ஆனால் பாரத்தை நம்பலாமா? கல்லை வைத்தாலும் பாரம்தானே.

அக்டோபர் 19

வீட்டார் வந்து கேட்கவேண்டியதைக் கேட்கலாம் என்று சங்கத்தார் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். கிருபன் மிசிசாகாவில் ஓவர்டைம் என்றான். ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்கு ஓவர்டைம் கிடையாது. துஷானியும் நானும் பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போனோம்.

பழைய செங்கல் வீடு. சுவரெல்லாம் பிள்ளைகளின் படங்கள். எனக்குச் சுவரில் படம் பார்க்க முடியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

துஷானி கேட்டாள்: ராகிங் இருக்கோ? குடிக்கச் சொல்லுவினமோ? புள்ளிகள் குறைஞ்சால்? தலைவிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். புதியவர்களை வதைக்கக்கூடாது; வதைத்தால் சங்கத்தையே மூடிவிடுவார்கள். புள்ளிகள் குறைந்தால் முதலில் படிப்பு, பிறகுதான் சங்கம். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்ப்பதும், ஒருவருக்கொருவர் வேலை தேடிக் கொடுப்பதும்தானாம். துஷானி தலையாட்டினாள்.

நான் கையை உயர்த்தினேன். நிலக்சி வெட்கப்பட்டுக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"பிள்ளை விலக வேணுமெண்டா விடுவியளோ?"

தலைவிக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருந்தது. "எப்பவும் விலகலாம். ஒரு ஈமெயில் போட்டால் போதுமாம், அப்பப்பா."

"சத்தியம் பண்ணின பிறகும்?"

"அதுக்குப் பிறகும்தான்."

நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தாள். அன்று முகாம் வாசலில் பதினைந்து நாள் என்று சொன்ன பெடியனும் நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான்.

நவம்பர் 15

நான் ஒரு வேலை செய்துவிட்டேன்.

காலையில் பையைத் தூக்கினேன். பஞ்சுபோல் வந்தது. திறந்தால் ஒரு புத்தகமும் இல்லை. வெள்ளைச் சட்டை ஒன்று மட்டும். இன்றைக்குத்தான் சத்தியம். சட்டையை எடுத்துக் குசினி அரிசி மூட்டைக்கு அடியில் செருகிவிட்டேன். ஏன் அந்த இடம்? தெரியாது. என் கை தானாகப் போனது.

பத்து மணிக்கு அவள் தேடத் தொடங்கினாள். அலுமாரி, கட்டிலடி, மெசின். கிருபனைப் பார்த்துக் கத்தினாள்: "யூ ஹிட் இட்! நீங்கள்தான் ஒளிச்சனீங்கள்!"

"எனக்கு வேற வேலை இல்லையோ?" என்று அவனும் கத்தினான்.

செய்யாத குற்றத்துக்கு அவன் பேச்சு வாங்குவதைப் பார்க்க முடியவில்லை. போய் மூட்டையை நகர்த்தினேன். சட்டை கசங்கி, ஒரு பக்கம் தூசி.

"அப்பப்பா! நீங்களோ? வொய்?"

சொன்னேன். நீலப் பை, செருப்பு வார், மதில், எல்லாம். கிருபன் சுவரோடு நின்றான். அவனுக்கு அப்போது ஏழு வயது. நெல் மூட்டைக்கு அடியில் புத்தகங்களைத் தாய்க்கு முன்னமே அவன் கண்டவன் என்று இன்றைக்குத்தான் சொன்னான்.

நிலக்சி நிலத்தில் இருந்துவிட்டாள். "நான் போகேல்லை. மெசேஜ் போடுறன்."

"போ" என்றேன். "நான் மறிச்சு நீ நிண்டதாய் இருக்கக் கூடாது. போட்டு வா."

துஷானி சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டாள். அவளைக் கொண்டுபோய் விடக் கிருபன் கார்த் திறப்பை எடுத்தான்.

நவம்பர் 16

மத்தியானம் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள். என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று முழுக்கச் சொல்கிறேன் என்றாள்.

"வேண்டாம். சத்தியம் சத்தியம்தான். ஒண்டு மட்டும் கேக்கிறன். புதுப் பேர் வைச்சவையோ?"

"இல்லை அப்பப்பா. நிலக்சி எண்டுதான் கூப்பிட்டவை." யோசித்தாள். "நிலாக்ஸி எண்டு. எல்லாரும் பிழையாத்தான் சொன்னவை."

"பரவாயில்லை" என்றேன்.

பிறகு அவள், மாமியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். மனோ என்றேன்.

நவம்பர் 18

காலையில் பனி தூறியது. யேசுரட்ணத்தோடு கடைக்குப் போகிற அவசரத்தில் வாசலில் கிடந்த பையைத் தூக்கிப் பார்க்காமல் கடந்து போயிருக்கிறேன். லிப்ட்டில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.