முதலாளி வீட்டுக் கதர்ச்சட்டை

9 ஜூலை 2007

டெல்லியில் சுதந்திரப் போராட்டத்துக்குத் தேசிய அருங்காட்சியகம் கட்டுகிறார்களாம். நம் பக்கத்துத் தியாகிகளின் பொருள்களும் வேண்டுமாம். எங்கள் கம்பெனி முதலாளி கிட்டுசாமிக்கு உடனே நாட்டுப்பற்று வந்துவிட்டது. அவர் அப்பாவும் தியாகியாம். நாற்பத்திரண்டில் அவர் பட்டாளத்துக்குப் பனியன் விற்றார் என்றுதான் எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் பேச்சு. வெள்ளைக்காரனின் சட்டைக்குள்ளேயே புகுந்து போராடியிருக்கிறார்.

11 ஜூலை

கடையில் வாங்கிய புதுக் கதர்ச்சட்டையோடு முதலாளியே வாஷிங் செக்‌ஷனுக்கு வந்தார். "ஏனுங்க தண்டபாணி, இதை அறுவது வருசத்துப் பழசாக்கிக் குடுத்துருங்க." அமெரிக்காக்காரனுக்குப் புது டி-ஷர்ட்டை நைந்ததாக்கி அனுப்புவதுதானே என் பிழைப்பு. கல், என்சைம், கடைசியில் டீத்தூள் தண்ணீர். சாயங்காலத்துக்குள் சட்டை ஜெயிலுக்கே போய் வந்துவிட்டது.

14 ஜூலை

அசல் சட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஜெயிலிலிருந்து வந்த அன்று போட்டிருந்தது. அம்மா அதை வருடம் தவறாமல் துவைத்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, தேய்த்து வைப்பாள். "எங்கய்யன் சட்டையும் அங்க போகோணும் கண்ணு. நான் கண்ண மூடறதுக்குள்ள ஒருக்கா பாத்துப்போடோணும்."

கொடுத்துவிட வேண்டியதுதான். அசலுக்கு என்ன பயம்?

20 ஜூலை

பயந்திருக்கலாம். தேர்வுக்குழு அதிகாரி அப்புச்சி சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "இது போன வருசம் தச்சதுங்க. எங்ககிட்டயேவா?" முதலாளி கொடுத்த சட்டையை மட்டும் அதே அதிகாரி வெள்ளைக் கையுறை மாட்டித் தூக்கினார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது — என்சைம் நெடி.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். என் பிள்ளை காலேஜில் படிக்கிறான். மூடிக்கொண்டேன்.

அம்மாவிடம், எடுத்துக்கிட்டாங்க என்று சொல்லிவிட்டேன். சட்டையை வண்டி டிக்கியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

5 ஆகஸ்ட்

டெல்லிக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் கோவையில் பார்வைக்கு வைக்கிறார்களாம். அம்மா சேலை எடுத்து வைத்துவிட்டாள். மாட்டிக்கொண்டேன்.

12 ஆகஸ்ட்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன் — நானெல்லாம் ஒரு மகன். கிட்டுசாமியின் அப்பா பெயர் எழுதிய கண்ணாடிப் பெட்டி முன் நிறுத்தி, "இதுதாம்மா" என்றேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு காவலாளியிடம் போனாள்.

"ஏனுங்க, எங்கய்யன் சட்டைய வெள்ளவெளேர்னு குடுத்தனுங்க. இப்படி அழுக்காக்கி வெச்சிருக்கறீங்களே. குடுங்க, ஒருக்கா அலசிக் கொண்டாரேன்."

அவர் சிரித்து அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். குடுத்திருக்கவே கூடாது கண்ணு என்றாள். பல்லடம் வரை அதையே சொன்னாள்.

சட்டை டிக்கியில்தான் இருக்கிறது. எப்படி எடுத்துக் கொடுப்பேன்?