பொட்டுக்குப் பின்னால் எரியும் விளக்கு

கோவில்பட்டி
21.11.2004

அன்பு மகள் பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் ஜெர்மனியில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், ஆனால் போன ஞாயிறு நீ போனில் பேசியதிலிருந்து அந்த நம்பிக்கை எனக்கு அரைகுறையாகத்தான் இருக்கிறது. மழை விடாமல் பெய்கிறது, உளுந்து போட்டவர்களுக்குச் சந்தோஷம், மிளகாய் போட்டவர்கள் புலம்புகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பள்ளியில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனைத் தலைமையாசிரியராக்கினார்களே, அந்த ஆள் இப்போது இயற்பியல் ஆய்வகச் சாவியையும் தன் மேஜையில் பூட்டி வைத்திருக்கிறான், இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய நான் ஒரு லென்ஸ் எடுக்க அவனிடம் போய் நிற்க வேண்டும். போகட்டும், அதை எழுத இன்று மனமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார், அவர் ரயிலில் வேலைக்குப் போவதால் நீதான் பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிறாய் என்றெல்லாம் சொன்னாய், சரி. அதோடு சிரித்துக்கொண்டே, எப்பா, ஸ்டியரிங்குக்கு முன்னால ஒரு மஞ்ச லைட்டு கண்ணக் கூசிக்கிட்டே கெடந்துச்சு, அம்மா அனுப்புன ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அது மேல ஒட்டிட்டம்லா என்றாய். உன் அம்மா அதைக் கேட்டு, நம்ம பொட்டு காருக்கும் போயிட்டு பாத்தீங்களா என்று பூரித்துப்போனாள். நான் அது என்ன லைட் என்று கேட்டதற்கு, வண்டி படமும் பின்னால் பாம்பு மாதிரி நெளிந்த இரண்டு கோடும் என்றாய். எரிகிறதா, மினுக்குகிறதா என்று கேட்டேன். மொதல்ல மினுக்கிச்சுப்பா, அப்புறம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சோ என்னமோ, அதான் ஒட்டிட்டனே, எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிட்டாய். இந்த இரண்டில் எது என்று அம்மாவிடமாவது சொன்னாயா என்று அவளைக் கேட்டால், ரெண்டும் ஒண்ணுதான, வெளிச்சம் வருதுல்லா என்கிறாள்.

இரண்டும் ஒன்றில்லை பிரியா. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்த மாதிரி கார்களின் கையேட்டைப் படித்தேன். நீ ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புகிறாய், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது, இந்த இரண்டையும் உள்ளே ஒரு கருவி ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாலு சக்கரத்தில் வேண்டிய ஒன்றை மட்டும் தானே பிரேக் பிடித்து வண்டியை உன் பாதைக்கு இழுக்கிறது. அப்படி இழுக்கும் நேரத்தில் விளக்கு மினுக்கும். சக்கரம் சறுக்குகிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நீ மெதுவாகப் போ என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் பிடிக்க ஆள் இல்லை என்று அர்த்தம். வண்டியைக் கிளப்பியதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணையும், அதற்குப் பயப்பட வேண்டாம். அணையாமல் நிற்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இதை நம் சம்பந்தி மாயகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னேன், அவர் மகனிடம் அவர் சொன்னால் ஏறும் என்று. தன் தீப்பெட்டி ஆபீஸில் வேலையாட்களை வைத்துக்கொண்டு, என்ன சம்மந்தி, லைட்டு எரிஞ்சா வண்டி நல்லாருக்குன்னுல்லா அர்த்தம், எரியலன்னாத்தான பேட்டரி போச்சுன்னு பயப்படணும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார்னா பரீட்சை பேப்பர்ல மட்டுமில்ல, கார்லயும் தப்புக் கண்டுபிடிப்பாவ என்றார். காபி சொன்னார், நான் குடிக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வரக் கூடாது. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கடம்பூர் போய் அவர் காரில்தான் திரும்பினோம். உழவு டிராக்டர்கள் இழுத்துவந்த கரிசல் மண் தார் ரோட்டில் படிந்து, மேலே தூறலும் விழுந்து, ரோடு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி கிடந்தது. வளைவில் டிரைவர் கருத்தப்பாண்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்திருக்கிறான், வண்டி நேராகப் போகிறது. ஒடிச்சுத்தான் சார் பிடிச்சிருக்கேன், வண்டி கேக்க மாட்டேங்குது என்று அவன் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு பின்பக்கம் சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றோம். எதிரே வந்த லாரி ஒரு முழ தூரத்தில் ஒதுங்கிப் போனது. உன் மாமனார், மடியில் இருந்த போளிப் பொட்டலம் நசுங்கிவிட்டதே என்று டிரைவரை ஏசினார். நான் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது நானே சொல்கிறேன். நாங்கள் அப்போது போனது நாற்பது கிலோமீட்டர் வேகம். நீ போகிற ரோட்டில் வேகத்துக்கு வரம்பே கிடையாதாமே.

காரணம் சின்னதாகவும் இருக்கலாம். சமீபத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டினீர்களா? முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி டயர் போட்டிருக்கிறாரா? அல்லது ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் வண்டி சறுக்கினால்தான் குஷி என்று அந்தக் கருவியை நிறுத்த ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை அதை அமுக்கிவிட்டு மறந்தாரா? விளக்குப் பக்கத்தில் எழுத்திலும் ஏதோ வருகிறது, ஜெர்மன் பாஷை புரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். வண்டி சொல்வது புரியாமல் ஒருத்தர் வாங்கி நிறுத்துவார், அதை என் பெண் பேத்தியை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டுமா? கிறிஸ்துமஸ் லீவுக்குப் பனி மலைக்கு அதே காரில் போகப் போவதாக வேறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய்.

நான் கேட்பது இவ்வளவுதான். பொட்டைப் பிய்த்துவிட்டுப் பார். விடாமல் எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மெக்கானிக் பார்க்கும்வரை பாப்பாவோடு பஸ்ஸில் போ. பக்கத்தில் பிரேக் விளக்கும் எரிந்தால் ஒரு அடிகூட நகர்த்தாதே. மலைக்கு ரயில் போகும், ரயிலில் போங்கள். கைக்கடக்கமான சின்ன வண்டியே போதும் என்று நான் முன்பு சொன்னதைக் கேலி செய்தீர்கள், அதையும் நான் மறக்கவில்லை, ஆனால் இது அதற்காக எழுதுவது இல்லை.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறாள். குழந்தைக்குக் குளிருக்குக் காதை மூடு. கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும். கூரியரில் அனுப்புவதால் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும், டிசம்பர் நாலாம் தேதி சனிக்கிழமை முழுக்க நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். வேறு ஒன்றும் பேச வேண்டாம், எரிகிறதா, மினுக்குகிறதா, அணைந்துவிட்டதா என்று சொன்னால் போதும். பாப்பாவுக்குப் பெயர் வைத்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்காததிலிருந்து மாப்பிள்ளையோடு நான் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். உனக்குக் கை ஒழியாவிட்டால் அவரையே கூப்பிடச் சொல். நான் எடுத்துப் பேசுவேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், வண்டியை நிறுத்தட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ச. நவநீதகிருஷ்ணன்