பன்னிரண்டு கோப்புகளில் ஒரே வரி

மார்ச் 3
துணைவேந்தர் கூப்பிட்டு அனுப்பினார். இங்கே பெண் ஆசிரியர்களும் ஊழியர்களும் ஏன் பதவி உயர்வில் பின்தங்கிப் போனார்கள் என்று பார்க்க ஒரு குழு. தலைவி நான். "உங்களை விட்டா வேற யாரு மேடம்?" என்றார். வேதியியல் துறையின் முதல் பெண் பேராசிரியர் நான். எதற்கெடுத்தாலும் மேடையேற்றி விடுவார்கள். வீட்டில் சொன்னதும் இவர், "நம்ம வீட்டுக்கும் ஒரு குழு போடேன், கல்யாணமான நாள்லேர்ந்து எனக்குப் பதவி உயர்வே இல்லை" என்றார். சிரித்தேன்.

மார்ச் 9
பதிவறை நிர்வாகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பதிவறை அம்மா ஒவ்வொரு கோப்பாகத் துடைத்துக் கொடுத்தார். பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒன்றைப் பிரித்தேன். நெட்டையுடையது.

நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த மேசை. 'நெட்டை' என்பது மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர்; என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவள் இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது நான் ஏற்கெனவே அந்தப் படி ஏறியிருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான்.

கடைசித் தாளில் நீல மையில்: "தகுதியில் குறையில்லை. எனினும் குடும்பச் சூழலால் பணியில் தொடர்ச்சியை எதிர்பார்க்க இயலாது."

என் கையெழுத்து.

எழுதியதே மறந்து போயிருந்தது. எப்படி மறந்தேன்?

மார்ச் 10
போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 16
ஒரு நூலக உதவியாளரின் கோப்பு. அதே வரி, தட்டச்சில். கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அடுத்து ஓர் ஆய்வக உதவியாளர். அடுத்து கணிதத் துறையில் ஒருத்தி. மாலைக்குள் பதினொன்று. நெட்டையோடு பன்னிரண்டு. நான் பார்த்தே இராத பெண்கள். அந்த "எனினும்" கூட மாறவில்லை.

பதிவறை அம்மாவிடம் கேட்டேன். "அந்த வரியைத்தான் மாதிரியா வச்சுக்கிட்டு எல்லாருக்கும் எழுதுவாங்க மேடம். பழைய பதிவாளர் எடுத்து வைக்கச் சொன்னாரு. ஒரு லேடி மெம்பரே எழுதினது, யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு."

யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தாரா?

"அந்த நூலகத்து அம்மா இப்ப எங்கே?"

"அவங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சே. கடைசி வரைக்கும் உதவியாளர்தான்."

மார்ச் 17
வகுப்பில் கரும்பலகையில் "எனினும்" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் என்னவென்று தெரியாமல் நின்றேன்.

மார்ச் 22
பதினாறு வருடத்துக்கு முன் யாரும் என்னை மிரட்டவில்லை. தேர்வுக் குழுத் தலைவர் தாளை என் பக்கம் தள்ளி, "நீங்களே எழுதிடுங்கம்மா, பொம்பளைங்க கஷ்டம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். நெட்டையின் மகனுக்கு அப்போது மூச்சிரைப்பு. அடிக்கடி விடுப்பு எடுத்தாள். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. ஆனா என் மாமியார் பார்த்துக்கிட்டாங்க. அதுதான் வித்தியாசம், வேற ஒண்ணுமில்லை. நான் ஒரு நாள்கூட லீவு போடாதவள்னு அங்கே எல்லாருக்கும் காட்டணும்னு இருந்தது. அதுக்காகவா? அதுக்காகத்தான்.

மார்ச் 29
நகரத்தின் மறுகோடியில் உள்ள கிளை வளாகத்துக்குப் போனேன். நெட்டையை அங்கேதான் மாற்றியிருந்தார்கள். இன்னமும் உதவிப் பேராசிரியர். ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது.

நான் வாயெடுக்குமுன், "தெரியும்" என்றாள். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் ஒரே நோட்டுல எழுதினோம். அப்பவே ஆபீஸ்ல காட்டிட்டாங்க."

"ஏன் எங்கிட்ட கேக்கலை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

கவிழ்த்த குடுவை ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"குழுவில மத்தவங்க எழுதியிருந்தா சண்டை போட்டிருப்பேன்டி. எழுதினது நீ. என்னைத் தெரிஞ்சவளே சொல்றா, அப்ப நிஜமாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். ரெண்டு வருஷம் அப்படியே நம்பினேன்."

மன்னிப்புக் கேட்டேன். குழாயை மூடினாள். "அதை எங்கிட்ட குடுத்தா நான் என்ன பண்றது? அறிக்கையில எழுது. உன் பேரோட."

ஏப்ரல் 6
துணைவேந்தர் வரைவைப் படித்துவிட்டார். "பிரமாதம் மேடம். உங்க பேர் மட்டும் வேணாமே? 'ஒரு உறுப்பினர்'னு போட்டா போதாதா? அடுத்த டீன் நீங்கதான். உங்க தலையில நீங்களே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க?"

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எதுக்கு யோசிக்கிறேன்னு சொன்னேன்? முடியாதுன்னு ஏன் வாயில வரலை? அன்னைக்கும் இப்படித்தான், இதே மாதிரி அன்பாத்தான் கேட்டாங்க.

ஏப்ரல் 7
பெயரோடு கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19
பல்கலைக்கழகப் பேரவைக் கூடத்தில் அறிக்கையை வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து என் துணிச்சலைப் பாராட்டினார். சிலர் கைகூடத் தட்டினார்கள். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். ஆய்வக உதவியாளராம். கோப்பில் மட்டும் பார்த்த முகம்.

"பாராட்டுறது இருக்கட்டும். அந்த வரியால எனக்கு ஒன்பது வருஷம் போச்சு மேடம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தட்டிய கைகள் நின்றன. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 20
நேற்றைய குரல் காதை விட்டுப் போகவில்லை. ஒன்பது வருஷம். அதற்குள் என் மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கே போய்விட்டாள்.

ஜூன் 25
டீன் பதவி இயற்பியல்காரருக்குப் போனது. இவர் எனக்கு ஒரு காபி கலந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 4
புதிய விதி நடைமுறைக்கு வந்துவிட்டது: விடுப்புக் காலத்தைத் தகுதியில் கழிக்கக்கூடாது, யாருடைய குடும்பத்தைப் பற்றியும் குறிப்பில் ஒரு சொல் வரக்கூடாது. வெளியிலிருந்து வந்த குழு பன்னிரண்டு கோப்புகளையும் மறுபடி பார்த்தது. ஒன்பது பேருக்குப் பதவி உயர்வு ஆணை. நூலகத்து அம்மாவின் ஆணையை அவர் மகள் வந்து கையெழுத்திட்டு வாங்கிப் போனாள். நான் எதிரே வந்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

இன்று நெட்டை எங்கள் துறைக்கே திரும்பி வந்து சேர்ந்தாள், இணைப் பேராசிரியராக. துறைக் கூட்டத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். முடிந்ததும் ஆய்வகச் சாவியை நீட்டினேன். "வா, காட்டறேன். எல்லாம் இடம் மாத்தி வச்சிருக்காங்க."

"பரவால்லைங்க மேடம். நானே பாத்துக்கறேன்."

விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல் முழுக்கப் பக்கத்து அறையில் பாடம் நடத்தினாள். அதே கணீர்க் குரல். ஏதோ ஜோக் சொன்னாள் போல, மாணவர்கள் சிரித்தார்கள். நான் என் அறைக் கதவைச் சாத்தவில்லை.