பாரத்துக்கு ஒரு ஆள்

ஜூன் 23, திங்கள்

காலையில் டிராக்டரில் மாட்டி உழும் டிஸ்க் கலப்பைக்குக் கிரீஸ் அடித்தேன். கிரீஸ் ஏற்றும் நான்கு நிப்பிளில் மூன்று ஒழுங்காக வாங்கிக்கொண்டது. முன்வரிசை இடது பக்கத்து பேரிங் மட்டும் அடிக்க அடிக்க வெளியே கக்கியது. மண் வெட்டும் இரும்புச் சட்டியைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்கிறது. பேரிங் போய்விட்டது. வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்த சாமான், இன்னும் என்னென்ன போகக் காத்திருக்கிறதோ.

மாமியார் வாசலில் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு நாளாச்சும் அதத் தொடாம இருக்க மாட்டியா நீ?"

நான் தொடாவிட்டால் யார் தொடுவது? என் வீட்டுக்காரருக்கு இடது காலில் ஊனம். கிளட்ச் மிதிக்க முடியாது.

ஜூன் 25, புதன்

மேகம் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. கடலைக்கு மூன்று ஏக்கரும் ஓட்ட வேண்டும். மழை விழுந்தால் இந்தச் செம்மண்ணில் ஈரம் ஒரு வாரம் நின்றால் பெரிது.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "மழ பேஞ்சா டிஸ்க்கு மேல பாரத்துக்கு நான் ஏறி நின்னுக்கறன் வாணி. கம்பியப் புடிச்சிக்கிட்டா என்னா ஆவப் போவுது?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? போன ஆடியிலும் இதையேதான் சொன்னார். சட்டி மண்ணில் இறங்காமல் மேலோடு உருண்டுகொண்டே போனது. இரண்டு கோணிப்பையில் கல்லைக் கட்டி மேலே வைத்தோம். போதவில்லை. "நீ நாப்பத்தெட்டு கிலோ, நான் எழுவத்தெட்டு. என் கனந்தான் வேணும், நீ வண்டிய ஓட்டு" என்று சொல்லிச் சட்டத்தின் மேல் ஏறி நின்றார். மூன்றாவது சுற்றில் திரும்பும் இடத்தில் ஒரு கல். டிஸ்க் எகிறியது. அவர் கால் இரண்டு சட்டிக்கு நடுவே போனது. மூன்று விரல்.

வண்டியில் இருந்தது நான். கிளட்சைப் பட்டென்று விட்டேனா? திரும்பிப் பார்க்காமல் திருப்பினேனா? இந்தப் பதினோரு மாதமாக அந்தத் திருப்பத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். "எம்மவன் கால வாங்கிட்டா" என்று மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆமாம் என்றும் இல்லை, அப்படி இல்லை என்றும் இல்லை.

எது வந்தாலும் சரி, இன்னொரு முறை அவரை அதன்மேல் ஏற விடமாட்டேன்.

ஜூன் 26

தூக்கம் இல்லை. மழையும் இல்லை. முதல்முறையாக, மழை வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். விவசாயி வீட்டில் இருந்துகொண்டு!

ஜூன் 28, சனி

பேரிங் வாங்க மொரப்பூர் போனேன். பழைய பேரிங்கைக் காட்டியதும் கடைக்காரர், "ஆம்பளைங்க யாரும் வரலிங்களா?" என்றார். "பேரிங்குக்கு ஆம்பள பொம்பள இருக்குதுங்களா?" என்று கேட்டேன். பிறகு மரியாதையாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.

கடைக்கு வெளியே நம்முடையதைப் போலவே ஒரு டிஸ்க் கிடந்தது. அதே பன்னிரண்டு சட்டி, முன்னால் ஆறு, பின்னால் ஆறு. ஆனால் ஏதோ வேறு மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியும் நின்று பார்த்தேன். அதில் இரண்டு வரிசையும் ஒரு பக்கம் நெருங்கி, மறு பக்கம் விரிந்து கோணலாக நிற்கின்றன. நம்முடையதில் இரண்டும் ரயில் தண்டவாளம் போல நேராக நிற்கின்றன.

கடைக்காரரைக் கேட்டேன். "கோணம் இருந்தாத்தானுங்க சட்டி மண்ண வெட்டும். நேரா இருந்தா சக்கரமாட்டம் உருண்டு போயிடும். கோணத்த மாத்தறதுக்குத்தான் சட்டத்துல மூணு ஓட்ட வெச்சிருக்குது."

மூன்று ஓட்டையா? நம்முடையதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு பேரும் சேர்ந்து பேரிங் மாற்றினோம். ஸ்பேனரில் பைப்பை மாட்டி நான் தொங்க, அவர் உட்கார்ந்தபடி ஷாப்டைப் பிடித்துக்கொள்ள, அந்த நட்டு கழலவே பதினொரு மணி ஆகிவிட்டது. புதுசு போட்டதும் சட்டி வெண்ணெயாகச் சுற்றுகிறது.

பிறகு சட்டத்தில் இறுகிக் கிடந்த மண்ணையும் கிரீஸையும் சுரண்டினேன். அடியில் பச்சை பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங். மூன்று ஓட்டையும் இருக்கின்றன! ஆனால் கோணமே இல்லாத கடைசி ஓட்டையில் போல்ட்டைப் போட்டு, கழற்றவே முடியாதபடி சுற்றிலும் பற்ற வைத்திருக்கிறார்கள்.

"இது யாரு பத்த வெச்சதுங்க?" என்றேன்.

அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "பழைய ஓனரா இருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு போல்ட்டுக்காகவா மூன்று விரல்?

ஜூலை 1, செவ்வாய்

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் அவசரம் அவசரமாக இறக்கிப் பார்த்தோம். பேரிங் புதுசு என்றால் மட்டும் போதுமா? சட்டி மேலோடு கோடு கிழித்துக்கொண்டு போகிறது, ஈர மண்ணிலேயே.

திரும்பிப் பார்க்கிறேன், அவர் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டத்தின் மேல் காலை வைத்துவிட்டார். அந்தக் காலை!

என்ஜினை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. "எறங்குங்க, இல்லன்னா இந்தச் சாவிய கெணத்துல போட்டுட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவன்"னு சொன்னது மட்டும் நெனப்பிருக்குது. இறங்கினார்.

டிஸ்க்கில்தான் கோளாறு, நாளைக்கு வெல்டிங்கை வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார்.

எங்கள் கூடம் கோணலாக இல்லாததுதானே அத்தை கோளாறு? வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

டிஸ்க்கை வண்டியில் தூக்கிக்கொண்டு பாப்பாரப்பட்டி போனேன், சவுரியப்பன் அண்ணன் பட்டறைக்கு. வெல்டிங்கைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"இது நான் பத்த வெச்சதுதானுங்க."

பழைய ஓனருக்கா என்று கேட்டேன்.

"இல்லீங்க. போன வருசம் சித்திரையில உங்க வூட்டுக்காரருதான் கொண்டாந்தாரு. கோணமா இருந்தா வண்டி இழுக்கத் திணறுது, கரும்பொகையாத் தள்ளுது, நேரா வெச்சிப் பத்த வெச்சிடுன்னாரு. நேரா வெச்சா மண்ணுல இறங்காதுங்கன்னு சொன்னன். பாரத்துக்கு ஆளு நிறுத்திக்கறன்னாரு." அதற்குள் அவருக்குக் கால் விஷயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு கிரைண்டரை எடுத்தார்.

பொறி பறந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடு ஓட்டையில் புது போல்ட், இரட்டை நட்டு. "மொதல் கியர்ல ஓட்டுங்க. வண்டி திணறுனா லிப்ட்டப் போட்டு டிஸ்க்கக் கொஞ்சம் தூக்குங்க, அவ்ளோதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நட்ட இறுக்கிப் பாருங்க" என்றார்.

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிஞ்சிருக்குது இந்த மனுசனுக்கு. நான் செத்துச் செத்துப் பொழைச்சத பக்கத்துலயே படுத்துக்கிட்டுப் பாத்திருக்காரு. ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?

வீட்டுக்கு வந்ததும் வெட்டின இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்னென்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயம்.

ஜூலை 3, வியாழன்

ஏழு மணிக்கு இறக்கினேன். வண்டி ஒருமுறை முனகியது. லிப்டை ஒரு விரற்கடை தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் மண் புரண்டு சிவப்பாக வருகிறது! கல் மூட்டை இல்லை, ஆளும் இல்லை. எனக்குச் சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, தெரியவில்லை.

அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் மாமியார் களி கொண்டுவந்தார். தூக்கை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்: "பாத்து ஓட்டு. இன்னொரு கால்தான் பாக்கி அவனுக்கு."

நான் எழுந்தேன். அதற்குள் அவர், "யம்மா, போதும் நிறுத்து" என்றார். "அத நேரா வெச்சிப் பத்த வெச்சது நானு. வேணாம்னு சவுரியப்பன் சொல்லியும் கேக்காதவன் நானு. ஏறி நின்னதும் நானு. அவ ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல."

மாமியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிண்ணத்தில் களியைப் போட்டுவிட்டு, மோரை மறந்து, எழுந்து போய்விட்டார்.

"போன ஆடியிலயே இதச் சொல்லியிருக்கலாமில்லிங்க?" என்றேன்.

களியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வெக்கமா இருந்திச்சி வாணி. நீ மேல போட்டுக்கிட்ட. நானும் வுட்டுட்டன்."

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று ராத்திரி அந்தத் திருப்பத்தை நான் ஓட்ட வேண்டியதில்லை.

ஜூலை 4

இரண்டு ஏக்கர் முடிந்தது. நட்டு தளரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மூன்று ஏக்கரும் முடிந்தது. சாயந்திரம் டிஸ்க்கைக் கழுவி, நட்டுகளை இறுக்க உட்கார்ந்தேன். அவர் தடியை ஊன்றி வந்து எதிரே உட்கார்ந்தார். போல்ட்டின் மறுபக்கத்தை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டார். நான் இறுக்கினேன். நான்கு வார்த்தை பேசினோம், நான்கும் நட்டைப் பற்றித்தான்.

மாமியாரை வீட்டில் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். வைக்கோல் போரை ஒட்டி ஒரு வருடமாகக் கிடந்த கல் மூட்டைகள் இரண்டையும் அவிழ்த்துக் கல்லை வேலியோரம் கொட்டியிருந்தார். கோணிப்பைகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத ஏன் அத்த அவுத்தீங்க?"

"வெதக் கடல கொண்டாரப் பை வேணாமா?" என்றார். பிறகு பையை உதறிக்கொண்டே, "எந்தம்பி காட்டுலயும் ரெண்டு ஏக்கர் ஓட்டணுமாம். ஆளு வெச்சி ஓட்டிக்கறன், டிஸ்க்க மட்டும் குடுன்னான். எம்மருமவதான் ஓட்டும்னு சொல்லிட்டன்" என்றார்.

ஒரு முனையை நான் பிடித்தேன். பிழிந்து கொடியில் போட்டோம்.