நான் விழுங்கிய வசனம்

மார்ச் 4, புதன்

மைனஸ் பதினொன்று. கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டவே பத்து நிமிடம். குரல் காலையில் பரவாயில்லை, மத்தியானத்துக்கு மேல் கரகரப்பு. தைராய்டு ஒப்பரேஷன் வரும் செவ்வாய். கட்டி குரல் நரம்போடு ஒட்டி இருக்கிறதாம். மாதக்கணக்கில் பேச முடியாமல் போகலாம், குரல் திரும்பாமலும் போகலாம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

செய்ய: தொழிற்சாலைக்கு லீவுக் கடிதம். நோயாளிகளின் பட்டியல் கோமதிக்கு. பாஸ்டருக்குப் பதில்.

கோமதி ஐந்து மாதமாகப் புதன்தோறும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். பிரெஞ்சு தெரியாத எங்கள் ஆட்களுக்கு டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை. வயது நாற்பத்தாறு. கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள், அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிடச் சுத்தம். கோயிலுக்குப் போகிறவள். நான் செபிக்கும்போது பேசாமல் இருப்பாள்.

இன்று முதல் தடவையாக அவளைத் தனியே பேச விட்டேன். நான் சுவரோரக் கதிரையில். சிவபாலன் அண்ணை, அறுபத்தொரு வயது, லாசால் பகுதியில் தனி ஆள். டொக்டர் தெளிவாகவே சொன்னார்: மருந்து இனி வேலை செய்யவில்லை, நிறுத்துகிறோம், புற்று ஈரலுக்குப் போய்விட்டது, சில மாதங்கள்தான், நோகாமல் பார்த்துக்கொள்வோம்.

கோமதி சொன்னது: "அண்ணை, மருந்தைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டப் போயினமாம். உடம்பு தேறட்டுமாம்."

கேட்டுக்கொண்டு இருந்தேன். வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது காரில் சிவபாலன் அண்ணைக்கு நல்ல உற்சாகம். "அப்ப வாற வருசம் தங்கச்சி மகளின்ர கலியாணத்துக்கு ரொரன்ரோ போகலாம் போல." கோ. ரோட்டைப் பார்த்தாள். நானும்.

மார்ச் 5, வியாழன்

வெயில், ஆனால் காற்று. வேலையில் இரண்டு தடவை பெட்டிகளைப் பிழையாக அடுக்கினேன்.

இடைவேளையில் பாஸ்டரின் போன். ஞாயிறு ஆராதனை முடிய எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். "பதினாறு வருச ஊழியம், சிஸ்டர்." வேண்டாம் என்றேன். "உந்தத் தாழ்மைதான்" என்று சிரித்தார்.

தாழ்மை இல்லை. யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன், நான் கூடப்போன முதல் ஆள், அருளப்பு அண்ணை. பார்க்க வேண்டியவர்கள் யாரும் இருந்தால் இப்போதே கூப்பிடச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வசனத்தை விழுங்கிவிட்டு, "பயப்பிட வேண்டாமாம்" என்றேன். மனைவி வவுனியாவில். அவளுடைய விசாவை மெதுவாகப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். ஐந்து கிழமையில் போய்விட்டார். அதன்பின் நான் ஒரு புதனும் தவறவிட்டதில்லை. காரணம் ஆண்டவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

வேலை முடிய நேரே சென்ட் லோரன்டில் கோமதி வீட்டுக்கு. கதவைத் திறந்ததுமே சொன்னாள்.

"தெரியும், ஜெயாக்கா. அவரின்ர முகத்தைப் பாத்தாப் பிறகு எனக்கு வாய் வரேல்லை. நான் இதுக்குச் சரிவரமாட்டன். விட்டிடுறன்."

அருளப்பு அண்ணையின் கதையை முழுக்கச் சொன்னேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை அவள். நல்லவேளை.

"அந்த மனுசிக்குப் பிறகெண்டாலும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"இப்ப இருக்கிறாவோ?"

"இல்லை."

பிறகு நான்தான்: "அருளப்பு அண்ணையிட்ட என்னால திரும்பிப் போகேலாது. சிவபாலன் அண்ணை லாசால்லதான் இருக்கிறார். நாளைக்குப் போவம்."

"நீங்கள்தானே சொல்லுவியள்?"

"நீ சொல்லு. நான் பக்கத்தில இருக்கிறன்."

மார்ச் 6, வெள்ளி

மெல்லிய பனி. இருவரும் லீவு.

எட்டு மணிக்கே கோமதி ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் பண்ணினாள். டொக்டர் சொன்னதைத் தான் சரியாகச் சொல்லவில்லை, பிழை தன்னுடையது என்று பிரெஞ்சில், சுற்றி வளைக்காமல். நர்ஸ் "மெர்சி, மதாம்" என்று சொல்லி, டொக்டரிடம் இரண்டரைக்கு இடம் எடுத்துத் தந்திருக்கிறா.

அண்ணையை ஏற்றப் போகும் வழியில் காரில் செபம். சுருக்கமாக: அவளுக்கு வாயைக் கொடும், எனக்கு வாயை மூடும்.

அறையில் டொக்டர் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். கோ. அண்ணைக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஒரு சொல் விளங்காமல் டொக்டரை நிறுத்தித் திரும்பக் கேட்டாள். நான் அப்படிக் கேட்டதே இல்லை, தெரிந்த மாதிரியே ஒப்பேற்றிவிடுவேன். பிறகு ஒவ்வொரு வசனமாக, கூட்டாமல் குறைக்காமல். ஈரல் என்றாள். மாதங்கள் என்றாள். இடையில் நிற்கவில்லை.

அண்ணை கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "புதன்கிழமை ஏன் இதைச் சொல்லேல்லை?"

"பயந்து போனன் அண்ணை. என்ர பிழை."

"தங்கச்சிக்கு வாற வருசம் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் வாயைத் திறக்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப எங்கள் காரில் வர மாட்டேன் என்றார் அண்ணை. பஸ் ஸ்டொப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தொப்பி போடாமல்.

கோ. அழவில்லை. பார்க்கிங் டிக்கெட்டைக் காணவில்லை என்று கைப்பையைச் சீற்றில் கொட்டித் தேடினாள். நெடுநேரம்.

மார்ச் 8, ஞாயிறு

நேரம் ஒரு மணி முன்னுக்குப் போனதால் பாதிப் பேர் பிந்தி வந்தார்கள். பொன்னாடை முன்வரிசைக் கதிரையில் மடித்து வைத்திருந்தது. ஆராதனைக்கு முன்பே பாஸ்டரைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அருளப்பு அண்ணையை அடக்கம் பண்ணியவர் அவர்தான்.

கதிரையில் இருந்துவிட்டார். "வேற ஆருக்குத் தெரியும்?"

"கோமதிக்கு."

எனக்காகச் செபித்தார். நன்றியும் புகழும் இல்லாத செபம், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பொன்னாடையைப் பைக்குள் வைத்துவிட்டு, "வாற புதன் ஆருக்குக் கார் வேணும் எண்டு கோமதியைக் கேட்டுச் சொல்லுங்கோ. காரை நான் ஓடுறன்" என்றார்.

வீட்டில் சோறும் பருப்பும். குரல் அநேகமாகப் போய்விட்டது. செலவழித்தது வீணில்லை.

மார்ச் 10, செவ்வாய்

காலை ஆறுக்கு ஆஸ்பத்திரி. பட்டியல் கோ.விடம். பயம் இருக்கிறது. போகிறேன்.

மார்ச் 18, புதன்

வெளியே பனி உருகிச் சேறு. தழும்பு இழுக்கிறது. மூச்சுத்தான் வருகிறது, சத்தம் இல்லை. கொப்பியில் எழுதித்தான் எல்லாம். காத்திருக்கச் சொல்கிறார்கள். காத்திருக்கிறேன். குரல் வராவிட்டாலும் புதன்களில் கார் ஓட்டலாம்.

நாலு மணிக்குக் கோமதி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். சூப் கொண்டுவந்தாள், உப்பு இல்லை.

சிவபாலன் அண்ணை இன்று வந்தாராம், தங்கச்சியோடு. அந்தப் பெண் ரொரன்ரோவிலிருந்து வந்து நிற்கிறாள். மொழிபெயர்க்க யார் வேண்டும் என்று நர்ஸ் கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை திரும்பி வந்த பிள்ளை" என்றாராம். கோமதியோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சொன்னதை எல்லாம் கேட்டாராம்.

இன்னொரு செய்தி. சென்னையிலிருந்து வந்து ஐடியில் வேலை செய்யும் சர்மிளா, அடுத்த கிழமை முதல் கூட வரலாமா என்று கேட்கிறாளாம். "ஃப்ரெஞ்ச் ஓகேக்கா, ஆனா பேஷன்ட் முன்னாடி அழுதுடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாளாம்.

கோமதி சூப் பாத்திரத்தின் மூடியை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் கேட்டாள்.

"அக்கா, அந்த அருளப்பு அண்ணையின்ர கதையை அவவுக்குச் சொல்லட்டோ? அது தெரியாட்டி நான் அண்டைக்கே விட்டிட்டுப் போயிருப்பன். உங்கட பேர் சொல்லமாட்டன்."

கொப்பியை இழுத்து எழுதிக் காட்டினேன்: பெயரையும் சொல்லு.